கூலியாளும் வீட்டாளும்

சொன்ன சொல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது, அதை யாரிடம் சொன்னோம் என்பதைப் பொறுத்தது. கணிப்பொறிக்கும் இது பொருந்தும் என்பதை, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகப் பாகூர் கொம்யூன் ஊர்களை அகரவரிசைப்படுத்தியபோது உணர்ந்தேன்.

கரையாம்புத்தூர், கன்னியக்கோயில் என்னும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். நம் நெடுங்கணக்கில் னகரமே கடைசி மெய். எனவே கரையாம்புத்தூர் முந்தும். யூனிகோடு எண்வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால், கன்னியக்கோயில் முந்திவிடும். 'எல்.சி. ஆல்' என்னும் மாறியில் தமிழைக் குறித்தால் முதல் வரிசை. 'சி' என்று குறித்தால் இரண்டாவது. தம் ஊரை உரிய இடத்தில் காணாத பெரியவர், "எங்கள் ஊரை விட்டுவிட்டார்களே!" என்றுதானே எண்ணுவார்?

லினக்ஸ் கணிப்பொறியில் நம் கட்டளைகளை ஏற்று நடத்துவது ஷெல். வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளைக்கு முன், அதே வரியில் மாறியைக் குறித்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டுமே அது செல்லும். சார்ட் தனி நிரல். கூலிக்கு வந்த ஆளைப்போல, சொன்னதைக் கேட்டு, வேலை முடிந்ததும் போய்விடும்.

ஷெல்லுக்குள்ளேயே உறையும் உட்கட்டளைகளோ வீட்டாள்கள். அவற்றுள் 'ரீட்' போன்ற பொதுவகைக்கு முன் குறித்தது அவ்வேலையோடு தீரும். 'எக்ஸ்போர்ட்', 'இவால்' போன்ற சிறப்புவகைக்கு முன் குறித்தது பின்னும் நிலைக்கும் என்பது போசிக்ஸ் விதி. 1989இல் வெளிவந்த பாஷ் ஷெல்லோ, வழக்கமான நிலையில் அதையும் மறந்துவிடும். போசிக்ஸ் நிலையில் மட்டுமே நினைவில் வைக்கும்.

நாமே எழுதும் செயற்கூறுகளின் நிலை இன்னும் சிக்கலானது. அவற்றுக்கு முன் குறித்தது நிலைக்குமா என்பதைப் போசிக்ஸ் அந்தந்த ஷெல்லுக்கே விட்டுவிட்டது. பாஷ் வழக்கமாக மறந்துவிடும். வேறு சில ஷெல்கள் வைத்துக்கொள்ளும். குறியீட்டு எண்களை ஒப்பிடும் செயற்கூறுக்காகச் 'சி' என்று குறித்து, அது தங்கிவிட்டால், அடுத்து வரும் தமிழ்ப் பட்டியல் குலைந்துபோகும். பிழைச்செய்தி ஒன்றும் வராது.

ஆகவே, நண்பர்களே, நான் கையாளும் வழி இது: மாறியையும் செயற்கூறையும் அடைப்புக்குறிகளுக்குள் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஷெல் தன் நகல் ஒன்றில் அவற்றை நடத்துகிறது. அங்கே குறித்தது அங்கேயே முடிகிறது. எந்த ஷெல்லானாலும் கரையாம்புத்தூர் தன் இடத்தில் நிற்கிறது.