உலையும் விண்மீனும்

விண்மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என எண்ணுவோர் நம்மிடையே உளர். கொழுந்துக் கூடை சுமக்கும் தாயின் பிள்ளைக்குச் சூரியனைப் பற்றிக் கற்பித்து ஆவதென்ன என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவன் நான். அக்கேள்விக்கு மேகநாத் சாகா என்னும் விஞ்ஞானியின் வரலாற்றையே விடையாகச் சொல்வது என் வழக்கம். வகுப்பில் அவ்வரலாற்றை நான் தொடங்குவது அடுப்பிலேற்றிய ஒரு கேத்தலிலிருந்து.

கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும் என்பது பாடநூல். எங்கள் வகுப்பில் கொதிநீருள் வைத்த வெப்பமானி 96 பாகையளவில் நின்றுவிட்டது. "வெப்பமானி பிழை, சேர்" என்றான் ஒரு மாணவன். "புத்தகம் எழுதினவர் கடற்கரையில இருந்திருப்பார்" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதே சரி. உயரம் ஏற ஏற வளியமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவே போதும். நம் லயங்களில் பருப்பு வேகச் சுணங்குவதும் இதனாலேயே.

ஏறக்குறைய இதே நியாயத்தைச் சூரியனுக்குப் பொருத்திப் பார்த்தவர் சாகா. கல்சிய அணு ஓர் இலத்திரனை இழந்த நிலையில் தரும் நிறமாலைக் கோடுகள், சூரிய வளிமண்டலத்தின் மிக உயர்ந்த பகுதியில் வலுவாகத் தோன்றுவது அக்கால வானியலாருக்குப் புதிராக இருந்தது. 1920இல் வெளிவந்த கட்டுரையில் சாகா அப்புதிரை விடுவித்தார். அணுவிலிருந்து இலத்திரன் நீங்குவதை ஓர் இரசாயனப் பிரிகையாகவே கருதிக் கணக்கிடலாம் என்றார் அவர். வெப்பநிலை உயர்ந்தால் பிரிகை கூடும். அமுக்கம் குறைந்தாலும் கூடும். நீங்கிய இலத்திரன் மீண்டும் ஓர் அயனைச் சந்தித்தாலன்றோ ஒன்றுசேர இயலும்? பெரியதொரு மலையில் ஐந்தாறு பேர் மட்டுமே கொழுந்தெடுத்தால் ஒருவரையொருவர் காண்பது அரிது. ஐதான வாயுவின் நிலையும் அத்தகையதே. இவ்வாறு அயன்களும் இலத்திரன்களும் பிரிந்து கலந்திருக்கும் நிலையை இன்று பிளாஸ்மா என்கிறோம். சூரியனும் பிற விண்மீன்களும் பிளாஸ்மாக் கோளங்களே.

யார் இந்தச் சாகா? 1893இல் டாக்காவுக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். மேலே படிப்பதற்காக வேற்றூரில் ஒரு மருத்துவரின் வீட்டை அண்டி வாழ்ந்தவர். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவர் கிளர்ச்சியிற் பங்குகொண்டமைக்காகப் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டு, உதவிப்பணத்தையும் இழந்தவர். கல்கத்தாவில் மாணவர் விடுதியில், சாதியின் பெயரால் தம்மோடு உடனுண்ண மறுத்தவர்களையும் கண்டவர்.

கொள்கை கல்கத்தாவில் உருவாயிற்று; அதனைச் சோதிப்பதற்கேற்ற ஆய்வுகூடம் அங்கில்லை. எனவே 1921இல் பெர்லினில் நேர்ண்ஸ்டின் ஆய்வுகூடத்தை அவர் நாட நேர்ந்தது. சூரியனில் நிகழ்வதாகத் தாம் கணித்ததை மண்ணுலகில் நிகழ்த்திப் பார்ப்பதே அவரது நோக்கம். பின்னர் அலகாபாத்தில் தம் மாணவர்களுடன் அம்முயற்சியைத் தொடர்ந்தார். சூரியனின் சூட்டைக் கணக்கிட வல்ல மூளை இருந்தும், ஓர் உலைக்காகக் கடல் கடக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

விண்மீனின் நிகழ்ச்சியை ஓர் அறைக்குள் எவ்வாறு நிகழ்த்துவது? அளவை விட விகிதம் முக்கியமானது என்பதே விடை. வேகம், நீளம், அடர்த்தி, காந்தப்புலம் ஆகியவற்றால் அமையும் சில விகிதங்கள் ஒத்திருப்பின், ஒளியாண்டுக் கணக்கில் விரிந்த முகிலும் ஒரு சதமமீற்றர் பிளாஸ்மாவும் ஒரே சமன்பாட்டுக்கு அடங்கி நடக்கும். அங்கு நூற்றாண்டுகள் கொள்ளும் நிகழ்ச்சி இங்கு ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கில் முடியலாம். எல்லா விகிதங்களும் ஒருங்கே ஒத்துவருவதில்லை; நிகழ்ச்சியை ஆள்பவை எவையெனத் தெரிந்தெடுப்பதே ஆய்வாளரின் திறமை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்வேயின் பிர்க்லண்ட், காற்றகற்றிய பெட்டியினுள் காந்தமூட்டிய கோளமொன்றைப் பூமியாக வைத்து, இலத்திரன் கதிர்களைப் பாய்ச்சி, துருவ ஒளியை ஒத்த ஒளிவளையங்களைக் கண்டார். 2018இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரிலுள்ள ஒமேகா லேசரைக் கொண்டு பிளாஸ்மாவைக் கொந்தளிக்கச் செய்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. கொந்தளிப்பு சிறிய காந்தப்புலத்தைப் பெருக்கி வளர்ப்பதை அது காட்டியது. அண்டவெளியின் காந்தப்புலங்கள் இவ்வாறே வலுப்பெற்றிருக்கலாம் என்ற கருத்துக்கு ஆய்வுகூடச் சான்று கிடைத்தது.

பிளாஸ்மாவைக் காண நம் பிள்ளைகள் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையிற் காணும் குழல்விளக்கினுள் ஒளிர்வது பிளாஸ்மாவே. அதன் இலத்திரன்களின் வெப்பநிலை சூரியனின் மேற்பரப்பினதை விட மிகுதி. வாயு மிக ஐதாக இருப்பதால் கண்ணாடி கையைச் சுடுவதில்லை. இயற்கை தன் விதிகளை மலையகத்துக்கு மறைத்து வைக்கவில்லை. மறைத்து வைத்தது மனிதர் செய்த ஏற்பாடே. தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வந்தன. அதற்கு முன் பெரும்பாலானவை கீழ்வகுப்புகளுடன் நின்றன. கைக்கு உழைப்புத் தெரிந்தால் போதும், கேள்வி கேட்கத் தெரிய வேண்டாம் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். இன்றும் பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. நான் கற்பிக்குமிடத்தில் ஆய்வுகூடம் எனப்படுவது பூட்டிய ஓர் அலுமாரி மாத்திரமே.

சாகா 1952இல் இந்திய நாடாளுமன்றத்துக்குச் சுயேச்சையாகத் தெரிவானார், 1956இல் இறந்தார். கல்கத்தாவில் அவர் நிறுவிய அணுப்பௌதிக ஆய்வு நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாம் தேடி அலைந்ததைப் பின்வருவோர் தம் நாட்டிலேயே பெற வேண்டுமென அவர் உழைத்தார். அக்கடமை நமக்கும் உண்டு. சம்பளம், வீடு, காணி எனத் தொழிற்சங்கங்கள் எழுதும் கோரிக்கைப் பட்டியலில் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் ஓர் ஆய்வுகூடம் என்ற வரியும் இடம்பெற வேண்டும். அதனை முதலில் எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் ஆசிரியராகிய நாமே.