தட்டுக்கழியும் தப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் இரண்டு காரியங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர், இன்று பரதம் என்று வழங்கும் ஆட்டத்தின் கச்சேரி முறையை வகுத்தனர். அதே தலைமுறையில், பஞ்சமும் கடனும் விரட்ட, நிலமற்ற ஏழைகள் கடல் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். முன்னது கலை வரலாற்றில் ஏறியது. பின்னது கூலிக் கணக்கில் ஏறியது. சென்றவர்கள் தங்களோடு தப்பையும் கூத்தையும் கொண்டுசென்றார்கள் என்பதை எந்தக் கணக்கப்பிள்ளையும் குறித்துவைக்கவில்லை.

ஊவா மாகாணத்தில், பதுளை நகருக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், சிறுவர் நடனப் பள்ளி ஒன்றில் ஊதியமின்றிச் சில மாதங்கள் பரதம் கற்பிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அம்மாதங்களில் நாம் கண்டவற்றுள், ஆசிரியத் தொழிலில் இருப்போரும் அதை நாடும் மாணவரும் சிந்திக்கத் தக்கவை சில உண்டு.

பதுளைக்கு ரயில் பாதை 1924ஆம் ஆண்டு வந்து சேர்ந்தது. தெமோதரை, ஹாலிஎல வழியே அதில் பயணம் செய்வோர் மலைச் சரிவின் பசுமையைக் கண்டு மகிழ்கின்றனர். அப்பசுமைக்கு நடுவே நீண்டு கிடக்கும் லயங்களிலிருந்துதான் நம் மாணவியர் வந்தனர். தாய்மார் விடியற்காலையில் மலைக்குப் போய்விடுவர். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அன்று அரைப்பேர்தான். ஆகவே தண்ணீர் எடுப்பதும், தம்பி தங்கையரைப் பார்ப்பதும், உலை வைப்பதும் மூத்த பெண்ணின் கடமைகள். கொழுந்து மிகுந்த நாட்களில் நம் வகுப்பு பாதியாகக் குறையும். நகரத்துப் பிள்ளைகளுக்கு அரைமண்டியில் முதலில் தளர்வது கால். அன்றாடம் மலை ஏறி இறங்கும் இப்பிள்ளைகளுக்கோ கால் தளரவில்லை. வெறுந்தேநீரோடு வந்த வயிறுதான் தளர்ந்தது.

ஒரு மாலை, வகுப்பு வாசலில் முதியவர் ஒருவர் நின்று தட்டுக்கழியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயுளெல்லாம் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். மாசி மாதக் காமன் கூத்துக்குத் தப்பு அடித்தவர். “இந்தத் தாளம் நம்ம தப்புலயும் இருக்கு டீச்சரம்மா” என்றார். அடுத்த நாள் தப்பைக் கொண்டுவந்து, காய்ச்சி, அடித்தும் காட்டினார். ரதி வரும் கட்டத்துக்குரிய அடி எழுந்ததும், பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, எவரும் சொல்லாமலே எழுந்து ரதியின் நடையை நடந்தாள். கூத்தில் ரதி வேடம் வழிவழியாக ஆண்களே கட்டுவது. அவள் பார்த்தே கற்றிருந்தாள். ஆட அவளுக்கு இடம்தான் இருந்ததில்லை.

அம்முதியவருக்குப் பின்பாட்டுப் பாடிய நண்பர் இன்று கூடலூர்ப் பக்கம் இருக்கிறாராம். 1948ஆம் ஆண்டின் சட்டம் இம்மக்களின் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. மனிதரைத் தொகையாக எண்ணியவர்கள், பாடுபவன் ஒரு கரையிலும் தப்படிப்பவன் மறு கரையிலும் நிற்க நேரும் என்பதை எண்ணியிருப்பார்களா?

தப்பை வகுப்பில் சேர்ப்பது என்ற பேச்சு எழுந்ததும், அச்சிறுமியின் தாய் நம்மிடம் வந்தார். “தப்பு வேணாம் டீச்சர். பரதம் ஆடுனா நாலு பேரு மதிப்பாங்க. தப்ப எடுத்தா நம்மள எந்த எடத்துல வச்சாங்களோ அங்கேயே வப்பாங்க” என்றார். இதனை அறியாமை என்று தள்ளுவது எளிது, நியாயம் அன்று. தப்பின் மீது சாதி படிந்திருக்கிறது. பரதம் பள்ளிப் பாடமாக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு எடுக்கலாம். தோட்டத்தை விட்டு வெளியேறும் படிக்கட்டுகளில் ஒன்றாக அத்தாய் அதனைக் காண்கிறார்.

எனினும் பரதத்தின் கதையை நாம் முழுமையாக நினைவுகூர வேண்டும். சதிர் என்ற பெயரில் அதை ஆடிக் காத்த பெண்களை அன்றைய சமூகம் இழித்துப் பேசியது. 1930களில் புதுப்பெயரோடு அது நகர மேடைக்கு வந்தது. 1936இல் கலாக்ஷேத்திரா தோன்றியது. கலை உயர்ந்தது, காத்த குடும்பங்களிற் பலவோ மேடைக்குக் கீழே நின்றுவிட்டன. ஆக, ஒரு கலையின் இழிவும் உயர்வும் அதன் அடவில் இல்லை. அதனை ஆடுபவர் யார், பார்ப்பவர் யார் என்பதில் இருக்கிறது. நாளை தப்புக்கும் நகர மேடை கிடைக்கலாம். அன்று இம்முதியவரும் கீழேயே நின்றுவிடக் கூடாது.

எனவே, அவரை விருந்தினராக அன்றி ஆசிரியராக அமர்த்த வேண்டும் என்று பள்ளியாரிடம் வற்புறுத்தினோம். வாரம் ஒரு வகுப்பு, அதற்குரிய ஊதியம். பள்ளியார் இசைந்தனர். அத்தாயோ பாதி இசைந்தார்: மகள் ரதியாக ஆடலாம், தப்பைத் தொடக் கூடாது. பருவ இறுதி நிகழ்ச்சியில் அலாரிப்புக்குப் பின் ரதி வந்தாள். பெரட்டுக் களத்தில் கூடியிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தனர். எஞ்சிய பாதியை வெல்வது ஒரு பருவத்து வேலை அன்று.

கடல் கடந்து கற்பிக்க விரும்பும் இளைஞர்கள் செல்லத்தான் வேண்டும். ஆனால் சில மாதம் தங்கித் திரும்புபவரின் நல்லெண்ணம், நிலையான ஆசிரியருக்கு ஈடாகாது. தொண்டரைக் காட்டி ஆசிரியப் பதவியை வெற்றிடமாக விடுவோருக்கு நம் தொண்டு சாக்காகிவிடவும் கூடும். ஆதலால் செல்பவர் மூன்று காரியங்களை மனத்திற் கொள்வது நலம். கற்பிக்கு முன் அவ்வூரின் ஆட்டத்தைக் கற்க வேண்டும். மூத்த மாணவியர் இளையோருக்குக் கற்பிக்கும் வண்ணம் அவர்களைப் பயிற்ற வேண்டும். தோட்டப் பள்ளிகளுக்கு ஊதியம் பெறும் நடன ஆசிரியர்கள் வேண்டும் என்று பெற்றோர் எழுப்பும் கோரிக்கையோடு சேர்ந்து நிற்க வேண்டும். அந்த ஆசிரியர்கள் மலையகத்துப் பெண்களாகவே இருக்கும் நாளில், நம்மைப் போன்றோர் அங்கே மாணவராகச் செல்லலாம்.