கங்கண கிரகணத்தன்று உதவியவர்களுக்கு

2019-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை, திண்டுக்கல் ஜனங்களுக்குக் கங்கண சூரிய கிரகணம் காணும் பாக்கியம் வாய்த்தது. சந்திரன் பூமிக்குச் சற்றுத் தொலைவிலிருந்தபடியால் சூரியனை முழுதும் மறைக்க இயலவில்லை. ஒன்பதரை மணி சுமாருக்கு மூன்று நிமிஷ நேரம் ஆகாயத்தில் பொன் வளையல் ஒன்று நின்றது.

அதை ஊராருக்குக் காட்ட முனைந்த எங்களுக்கு உதவியவர் பலர். நேரே பார்த்தால் கண் கெடுமென்று, தக்க வடிகண்ணாடிகள் தருவித்த நண்பர்கள். விடுமுறையென்றும் பாராமல் வந்து, அட்டையில் ஊசித் துளையிட்டுத் தரையில் ஒளி வளையங்களைக் காட்டிய மாணவர்கள். மைதானத்தைப் பெருக்கித் தந்த காவற்காரர் எல்லோருக்கும் வந்தனம்.

ஆயினும், கிரகண வேளையில் கதவடைத்திருந்தே பழகிய பாட்டிமார் சிலர், பேரக் குழந்தைகளைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வந்தார்களே, அவர்களுக்கே எங்கள் முதல் வந்தனம். கண்ணாடியை நாங்கள் கொடுத்தோம். தைரியத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள்.