மாதாஜியின் கீசர்

டில்லியில் ஜனவரிக் குளிர் 5 டிகிரிக்கு இறங்கிய காலை. மயூர் விஹாரில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியையின் கீசர் மக்கர் செய்தது. சுவர் சுவிட்சில் விளக்கு எரிந்தது, கீசரில் எரியவில்லை.

முதலில் வந்த மெக்கானிக், மூடியைத் திறந்த வேகத்திலேயே தீர்ப்புச் சொன்னார்: "தெர்மோஸ்டாட் போச்சு, மாதாஜி. டைரக்ட் கொடுத்துடறேன். 200 ரூபாய்." அதாவது, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டையே ஒதுக்கிவிடுவது. வெந்நீர் வரும்தான். அணைக்க மறந்தால் நீர் கொதித்து டாங்க் வெடிக்கவும் கூடும். ஆசிரியை அவரை அனுப்பிவிட்டு அடுப்பில் பாத்திரத்தை ஏற்றினார்.

மறுநாள், கீழே இஸ்திரி போடுபவர் அனுப்பிய பெரியவர் வந்தார். மெயினை அணைத்தார், பையிலிருந்து மீட்டரை எடுத்தார். (முந்தையவரிடம் அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.) காயிலில் 26 ஓம் காட்டியது. 2,000 வாட்டுக்குச் சரியான கணக்கு. கட்-அவுட் பொத்தானை அழுத்தினார், 'டிக்'. அத்துடன் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். "ஏன் கட் ஆச்சுன்னு பார்க்க வேண்டாமா, மாதாஜி?" என்றபடி தண்ணீரை வடித்துக் காயிலை வெளியே எடுத்தார். போர்வெல் நீரின் உப்பு அதில் சுண்ணாம்பாக அப்பியிருந்தது. சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தேங்கியதுதான் கோளாறு. சுரண்டி, புது வாஷர் போட்டு, 450 ரூபாய் கேட்டார்.

சுரண்டியதைச் செய்தித்தாளில் கொட்டிக் காட்டினார். ஒரு கைப்பிடி தேறும்.