குடித்தனம் தெரிந்த கட்டடக்காரர்

கட்டடக் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அவர்களுடைய வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது குறைவு. கலையரங்கம், கல்லூரி, தலைமைச் செயலகம் என்று கட்டியவற்றை அடுக்கிக்கொண்டே போய், மனைவி மக்களுக்குக் கடைசியில் ஒரு வரி ஒதுக்குவார்கள். லாரி பேக்கரைப் பற்றி அப்படி எழுத முடியாது. அவருடைய கட்டடங்களில் ஒரு பாதி மனைவியின் வேலைக்காக எழுந்தது. மறு பாதியில் அவர் குடித்தனம் நடத்திய விதம் தெரிகிறது. தொண்ணூறு வயது வாழ்ந்த அந்த மனிதரைக் கடலூர் முதுநகரில் இருக்கும் நான் அடிக்கடி நினைக்கும்படி செய்வது எங்கள் ஊரில் இப்போது எழும்பும் வீடுகள்.

1917 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர் பேக்கர். அங்கேயே கட்டடக் கலை படித்தார். குவேக்கர் சமயப் பிரிவில் பற்றுள்ளவர். போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. அதனால் இரண்டாம் உலகப் போர் வந்ததும் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்தார். மயக்க மருந்து கொடுக்கப் பழகிக்கொண்டார். சீனாவுக்குப் போய் அங்கே தொழுநோயாளிகளையும் கவனித்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்துக் கிடந்தபோது காந்தியைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பேக்கரின் காலில் இருந்தது சீனாவில் கந்தல் துணியைத் தைத்துச் செய்த காலணி. காந்தியின் கண் முதலில் அதன் மேல்தான் போயிற்று. வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசிவரை மறக்கவில்லை.

1945இல் தொழுநோய் ஒழிப்புப் பணிக்காக இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். நோயாளிகளை அடைத்து வைத்திருந்த பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றிக் கட்டுவது வேலை. ஃபைசாபாத்தில் சாண்டி என்ற மலையாள மருத்துவரின் வீட்டில் தங்கியிருந்தார். சாண்டிக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டபோது அவரைக் கவனித்துக்கொள்ள ஹைதராபாத்திலிருந்து தங்கை வந்தார். அவர் டாக்டர் எலிசபெத். வீட்டில் எல்லோருக்கும் குனி. இருவருக்கும் மனம் ஒத்துப்போயிற்று. ஆனால் இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. வேலை கொடுத்த நிறுவனமும் முகம் சுளித்தது. அவசரப்பட்டு ஓடிப்போகவும் இல்லை, மனதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. எப்போதாவது சந்தித்துக்கொண்டு காத்திருந்து, 1948இல் திருமணம் செய்துகொண்டார்கள்.

தேனிலவுக்குப் போன இடம் இமயமலையடிவாரத்துப் பித்தோராகட். வந்திருக்கும் பெண் டாக்டர் என்று தெரிந்ததும் சுற்றுப்பட்டு மலைக் கிராமத்து மக்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். போனவர்கள் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் அங்கேயே தங்கினார்கள். மலைச்சரிவில் பேக்கர் ஒரு வீடும் ஒரு மருத்துவமனையும் கட்டினார். எலிசபெத் வைத்தியம் பார்க்க, மயக்க மருந்து கொடுப்பது, கட்டில் செய்வது, ஒழுகும் கூரையைச் சரிசெய்வது என்று மற்ற வேலைகளைக் கணவர் இழுத்துப் போட்டுக்கொண்டார். நம்மூர் வாழ்க்கை வரலாறுகளில் 'மனைவி உறுதுணையாக நின்றார்' என்ற வரி தவறாமல் வரும். இந்த வீட்டில் உறுதுணையாக நின்றவர் வீட்டுக்காரர்.

அவருடைய கட்டடப் பாடமும் அங்கேதான் நடந்தது. பர்மிங்காமில் படித்ததில் பாதி அந்த மலையில் செல்லுபடியாகவில்லை. அந்த ஊர்க் கல்லும் மரமும் மண்ணும்தான் கைக்குக் கிடைத்தன. படிப்பு வாசனை இல்லாத மலைவாசிகள் காற்றுக்கும் பனிக்கும் தாங்குகிற வீட்டைச் சிக்கனமாகக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்து அவர்களிடமே தொழில் கற்றார். 1963இல் குடும்பம் கேரளத்து வாகமண் மலைக்கு வந்தது, பிறகு திருவனந்தபுரத்துக்கு. ஒரு மகன், இரண்டு மகள்கள். பெரும் பெயர் வாங்கித் தந்த கட்டடங்களை அவர் கட்டத் தொடங்கியபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1971இல் தொடங்கப்பட்ட வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவற்றில் முக்கியமானது. அங்கே மரம் நிற்கும் இடத்தில் சுவர் வளைந்துகொண்டு போகிறது.

திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் அவருடைய சொந்த வீடு இருக்கிறது; பெயர் 'ஹாம்லெட்'. பாறையும் சரிவுமான மனை, வேறு யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள். சின்னதாகத் தொடங்கி, குடும்பத்துக்குத் தேவை வரவர அறை அறையாகச் சேர்த்துக்கொண்டே போனார். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், மரச்சட்டம் எல்லாம் அங்கே மறுபிறவி எடுத்தன. உடைந்த பீங்கானும் ஓட்டுச் சில்லும் சுவரில் ஒட்டிக்கொண்டன. படம் வரைவதற்குக்கூட அவர் புதுத்தாள் தேடுவதில்லை. வந்த கடித உறையின் பின்பக்கம் போதும்.

அவரைச் சிக்கனக் கட்டடக் கலையின் தந்தை என்று மேடையில் புகழ்வார்கள். எனக்கென்னவோ அது குடும்பஸ்தனின் கைச்சிக்கனமாகவே படுகிறது. எலிப்பொறிக் கட்டு என்று ஒரு முறையை அவர் பரப்பினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகும், உள்ளே சூடும் இறங்காது. கூரைக்கும் ஒரு வழி வைத்திருந்தார். தளத்தின் அடிப்பாகத்துக் கான்கிரீட் அதிகம் பாரம் தாங்குவதில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துவிட்டால் சிமெண்டும் கம்பியும் மிச்சம். நைந்த புடவையைக் கிழித்து ஏணை கட்டுகிற பாட்டிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து நிலையத்தின் பக்கத்திலேயே அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. வெளியே பார்த்தால் செங்கல் உருளை. உள்ளே நுழைந்தால் தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. அந்தச் சரிவின் ஓரத்திலேயே மேசையும் பெஞ்சும் கட்டிவிட்டிருக்கிறார். தரை சாய்ந்திருந்தாலும் மேசையில் வைத்த காபி சாயவில்லை. சுவரெங்கும் செங்கல் இடைவெளிகள். ரயிலுக்கு நேரமாகிறதென்று கையைக் கழுவிக்கொண்டு ஓடுகிறவர்களும், குழந்தைக்குத் தோசை ஊட்டும் தாயும், பேப்பர் படிக்கும் பெரியவரும் ஒரே சுருளில் உட்கார்ந்திருக்கிறார்கள். விருது வாங்கிய கட்டடக் கலைஞரின் படைப்புக்குள் இருக்கிறோம் என்ற நினைப்பு அங்கே யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் முதுநகருக்கு வருகிறேன். உப்பங்கழியும் துறைமுகமும் பக்கத்தில்; காற்றிலேயே உப்பு. எங்கள் வீட்டு மாடித் தளத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, அடிப்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கூடத்தில் விழுகிறது. அதே தெருவில், கட்டை குத்திக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் போட்ட பழைய மெத்தை வீடுகள் எங்கள் கான்கிரீட்டைவிடப் பல தலைமுறை மூத்தவை. அவற்றை இடித்துவிட்டுத்தான் புதிது கட்டுகிறோம். பேக்கரின் கதையைச் சொல்லி, பூசாமல் செங்கல் தெரியக் கட்டலாமா என்று எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். "பூசாம உட்டா பணம் பத்தாம பாதியில நிறுத்திட்டாங்கன்னு ஊரே பேசும் சார்" என்றார். சிறிது யோசித்து, "அதோட இந்த மண்ணுல கல்லு உப்பரிச்சிப் போவும்" என்று சேர்த்துக்கொண்டார்.

முதலில் சொன்னது ஊர் வாய்க்குப் பயந்த பேச்சு. இரண்டாவது தொழில் தெரிந்தவரின் பேச்சு. அதைத் தள்ள முடியாது. பேக்கர் சுவரின் பூவேலை இடைவெளிகளுக்கும் இங்கே சிக்கல் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது மழை கிடைமட்டமாக அடித்தது. அப்படிப்பட்ட காற்றில் ஓட்டைச் சுவருக்குப் பின்னால் கட்டில் போட்டுப் படுக்க முடியாது. மார்கழி மாதத்துக் கொசுவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் அவர் சுவரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து முதுநகரில் நட்டால் முதலில் கோபப்படுகிறவர் பேக்கராகத்தான் இருப்பார். பித்தோராகட்டில் கல், திருவனந்தபுரத்தில் செங்கல் என்று மண்ணைப் பார்த்துக் கை மாற்றிக்கொண்டவர் அவர். கடலூருக்கு வந்திருந்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டிருப்பார்.

நம்மூர் வீட்டின் மேல் அவருக்கிருந்த மதிப்பைப் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போனால் போதும். 1996இல் திறந்த தட்சிணசித்ராவின் தொடக்கக் கட்டடங்கள் அவர் வடிவமைத்தவை. அங்கே காசு கொடுத்துச் சீட்டு வாங்கித் திண்ணையையும் முற்றத்தையும் பார்த்துவிட்டு வருகிறோம். சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளில் திண்ணை வைத்த பழைய வீடுகளில் எத்தனையோ, கடைக்கு ஷட்டர் போட இடம் வேண்டுமென்று உருமாறிவிட்டன. திண்ணை போனதில் அழகு மட்டும் போகவில்லை. வீட்டுப் பெரியவர் பகலெல்லாம் உட்கார்ந்து தெருவோடு பேசிக்கொண்டிருந்த இடம் அது. இப்போது அவருக்கு உள்ளறையில் டிவிக்கு எதிரே ஒரு நாற்காலி.

பேக்கர் 1989 வாக்கில் இந்தியக் குடிமகனானார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் 1 அன்று தன் வீட்டிலேயே காலமானார். அவருடைய மறுபக்கத்தைப் பற்றி எலிசபெத் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஏறத்தாழ அறுபது ஆண்டுக் குடித்தனத்துக்குப் பிறகும் கணவரைப் பற்றி எழுத மனைவிக்கு ஒரு புத்தகத்துக்கான விஷயம் இருந்திருக்கிறது.

வீடு கட்டித் தரும்படி கேட்டு வருகிறவர்களின் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளாமல் அவர் வரைய உட்காரமாட்டார். ஒரு குடும்பத்துக்கு வரைந்த வீட்டை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டியதுமில்லை. நம்மூரில் புதுவீட்டுப் பேச்சு வங்கிக் கடனில் தொடங்கி, வாஸ்துவில் வளர்ந்து, பக்கத்து வீட்டு முகப்பைவிட உயரமாக வைப்பதில் முடிகிறது. அதற்கு முன்னால் ஒருநாள் மாலை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம். விடியற்காலையில் முதலில் எழுகிறவர் யார், அடுப்பு வெக்கையில் நின்று சமைக்கிறவருக்குக் காற்று எங்கிருந்து வரும், ராத்திரி கழிவறைக்குப் போகும் தாத்தா எத்தனை படி இறங்க வேண்டும், பிள்ளை எந்த வெளிச்சத்தில் படிக்கும். இதற்கெல்லாம் பதில் தெரிந்தபின் எஞ்சினியரிடம் போனால், பிளானுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.