இனாமியின் செதுக்கு வேலை

ஜப்பானின் மேற்குக் கரைப் பக்கம், தொயாமா மாநிலத்தின் சமவெளி முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது இனாமி. 2004இல் அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்த்து நான்டோ என்ற நகராட்சிக்குள் அடக்கப்பட்ட சிறிய ஊர். மரம் செதுக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் மட்டும் இங்கே சுமார் 200 பேர். ஊரின் பெரிய கோயிலான ஸுயிசென்ஜியின் வாசலை நோக்கி ஏறும் யோக்காமாச்சித் தெருவின் இருபுறமும் இவர்களுடைய பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டுப் பெயர்ப் பலகைகளில் குடும்பத் தலைவர் பிறந்த ஆண்டுக்குரிய விலங்கு செதுக்கப்பட்டிருக்கும்: எலி, புலி, குதிரை, சேவல். உளியின் தலையில் கொட்டாப்புளி விழும் சத்தம் தெருவெங்கும் கேட்கிறது. காத்துவைக்க வேண்டிய நூறு ஒலிகளின் பட்டியலை ஜப்பான் அரசு 1996இல் வெளியிட்டபோது, கோயில் மணிகளுக்கும் அருவிகளுக்கும் நடுவே இந்தச் சத்தத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது.

தொழில் பிறந்ததற்குக் காரணம் தீ. 1390இல் நிறுவப்பட்ட ஸுயிசென்ஜி பலமுறை எரிந்திருக்கிறது. 1762இல் எரிந்த பிறகு அதைத் திரும்பக் கட்டும்போது, கியோட்டோவின் ஹொங்கன்ஜி தலைமைக் கோயில் தன்னிடம் வேலை பார்த்த செதுக்கர் மாயெகாவா சன்ஷிரோவை இனாமிக்கு அனுப்பியது. உள்ளூர்த் தச்சர்கள் நால்வர் அவரிடம் வேலை கற்றார்கள். பன்ஷோயா என்ற தச்சர் வீட்டின் ஒன்பதாம் தலைமுறையான ஷிச்சிஸாயெமோன் அவர்களில் முதன்மையானவர். தூண் நிறுத்தவும் விட்டம் ஏற்றவும் தெரிந்த கைகள் அவை. பூவும் புயலும் செதுக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டன. இனாமியின் வேலையில் இன்றும் அந்தத் தச்சுப் புத்தி தெரிகிறது. எந்த உருவம் செதுக்கினாலும் அது கட்டடத்தில் எங்கே உட்காரப்போகிறது, எந்த உயரத்திலிருந்து பார்க்கப்படும் என்ற கணக்கு முதலில் வருகிறது.

கோயிலின் முன்வாயில் 1785இல் தொடங்கி 1809இல்தான் முடிந்தது. அதன் நெற்றியில் மேகத்துக்கும் நீருக்கும் நடுவே நெளியும் ஒற்றை டிராகன் சன்ஷிரோவின் கைவேலை. 1879இல் கோயில் மறுபடியும் எரிந்தபோது, இந்த டிராகன் சட்டத்தை விட்டு இறங்கி வந்து கிணற்றுநீரை வாரி இறைத்து வாயிலைக் காப்பாற்றியது என்று ஊரில் சொல்கிறார்கள். வாயில் தப்பியது என்னவோ உண்மை. பக்கத்திலுள்ள இன்னொரு வாயிலில் ஷிச்சிஸாயெமோன் 1792இல் செதுக்கிய சிங்கம் இருக்கிறது. குட்டியைப் பள்ளத்தாக்கில் தள்ளி, ஏறி வருவதை மட்டுமே வளர்க்குமாம் சிங்கம். அந்தப் பழங்கதையைத்தான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். டிராகனுக்குப் பேர் அதிகம் என்றாலும், நின்று பார்த்தால் சிங்கப் பலகைதான் மேலான வேலை. குரு சொல்லிக்கொடுத்ததற்கு மேல் மாணவர் ஒரு படி போயிருப்பது அதில் தெரிகிறது.

எரிந்த கோயிலை எத்தனை நாள்தான் கட்டிக்கொண்டிருக்க முடியும்? கோயில் வேலை குறையக் குறையச் செதுக்கர்களுக்கு வேறு இடம் வேண்டியிருந்தது. மெய்ஜி காலத்தில் அது வீடுகளில் கிடைத்தது. ஜப்பானிய வீட்டில் இரண்டு பாய் அறைகளைப் பிரிப்பது நகர்த்து கதவு. கதவின் மேல்சட்டத்துக்கும் கூரைக்கும் இடையே விடப்படும் நீண்ட இடைவெளியில் பொருத்தும் பலகைக்கு ரன்மா என்று பெயர். கதவு சாத்தியிருந்தாலும் காற்றும் வெளிச்சமும் ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும் என்பதால் அதை ஊடுருவச் செதுக்க வேண்டும். கோயில்களில் இருந்த இந்த ரன்மாவை வீட்டுக்கு ஏற்ற வடிவில் கொண்டுவந்தவர்களில் முதலாம் ஒஷிமா கோவுன் என்ற செதுக்கரின் பெயர் முன்னால் சொல்லப்படுகிறது. பிற்பாடு வசதியான குடும்பங்கள் புதுவீடு கட்டும்போது இனாமியிலிருந்து ரன்மா வரவழைப்பது வழக்கமாகி, ஊரின் அடுப்பு பல பத்தாண்டுகள் அதிலேயே எரிந்தது.

ரன்மாவுக்குப் பெரிதும் கற்பூர மரமே எடுக்கிறார்கள். பூச்சி அண்டாது, ரேகை ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் மெல்லிய கொடியைச் செதுக்கினாலும் சட்டென்று பிளக்காது. பட்டறைக்குள் நுழைகிறவருக்கு முதலில் அதன் வாசனைதான் வரும். செயற்கைக் கற்பூரம் வருவதற்கு முன்பு இந்த மரத்தைச் சீவிக் காய்ச்சி எடுத்த கற்பூரம் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் உலகெங்கும் கப்பலேறியது. நம் ஆரத்தித் தட்டுக்கும் இந்த மரத்துக்கும் உறவு உண்டு. தூண், வாயில் போன்ற வெளி வேலைகளுக்கு உறுதியான கெயாக்கி மரம். சிங்க ஆட்டத்துக்கான தலைகளுக்கு எடை குறைந்த கிரி மரம். எந்த மரமானாலும் பலகையாக அறுத்துப் பல ஆண்டுகள் நிழலில் உலர விட்ட பிறகே உளி படும்.

வேலை தாளில் தொடங்குகிறது. பலகையின் முழு அளவுக்குத் தூரிகையால் படம் வரைகிறார்கள். வழக்கமான ஒரு ரன்மாப் பலகை ஒரு பாயின் நீளம், அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டர். பைன், மூங்கில், பிளம் மூன்றும் சேர்ந்த படம், கொக்குக் கூட்டம், சிங்கமும் பியோனிப் பூவும், மலையும் நீருமான நிலக்காட்சி என்று கேட்கிறவர் விருப்பம் எதுவானாலும், வரையும்போதே ஒரு சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். இது ஓட்டைகள் நிறைந்த பலகை. கிளை எங்காவது சட்டத்தைத் தொட வேண்டும். இறகு எங்காவது கிளையைத் தொட வேண்டும். எதுவும் அந்தரத்தில் நிற்க முடியாது. நல்ல செதுக்கரின் படத்தில் அந்தத் தாங்கல்கள் கண்ணில் படாது. சாதாரண வேலையில் கொக்கின் கால் ஏன் அவ்வளவு நீண்டு வளைந்து போகிறது என்று பார்த்தால், அது பாறையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

படத்தைப் பலகைக்கு மாற்றி, வேண்டாத இடங்களை ரம்பத்தால் அறுத்து எடுத்ததும் முரட்டுச் செதுக்கு தொடங்குகிறது. செதுக்கர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பலகையை முன்னால் படுக்கப் போட்டுக்கொள்கிறார். ஒருபக்கம் செதுக்கிப் புரட்டிப்போட்டு மறுபக்கம், திரும்ப முன்பக்கம். ரன்மாவை இரண்டு அறைகளிலிருந்தும் பார்ப்பார்கள் அல்லவா? இந்த அறைக்கு மார்பைக் காட்டும் பறவை அந்த அறைக்கு முதுகைக் காட்ட வேண்டும். சில சென்டிமீட்டர் கனமுள்ள பலகையில் முன்கிளை, நடுக்கிளை, தொலைவுக் கிளை என்று மூன்று நான்கு அடுக்குகளை ஒதுக்க வேண்டும். பின்பக்கத்துக்கும் மரம் மிச்சம் வைக்க வேண்டும். முன்னால் ஆசைப்பட்டு ஆழமாகப் போனவர் பின்னால் மாட்டிக்கொள்வார். இனாமி ரன்மாவின் பெருமை இந்த ஆழத்தில்தான் இருக்கிறது. மற்ற ஊர் வேலைகளில் படம் தட்டையாகக் கிடக்கும். இங்கே மரத்துக்குள் நடந்து போகலாம் போலிருக்கும்.

கடைசியில் வருவது நுண்செதுக்கு. மரபான வேலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில்லை, நிறமும் பூசுவதில்லை. உளியின் கூர்மையே மரத்துக்கு மினுமினுப்புத் தருகிறது. மொண்ணை உளி பட்ட இடம் நார் கிளம்பி மங்கலாகத் தெரியும். ஆகையால் சாணைக்கல்லின் முன் செலவாகும் நேரம் பலகையின் முன் செலவாகும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு செதுக்கரிடம் 200க்கும் மேற்பட்ட உளிகள் இருக்கும். தட்டை உளி, நகவுளி, முனை சாய்ந்த உளி, பள்ளத்துக்குள் நுழைய வளைத்த உளி என்று எல்லாம் கை நீட்டும் தூரத்தில் விசிறிபோலப் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். அவர் உளிகளைப் பார்த்து எடுப்பதில்லை. கை தானாகப் போய்ச் சரியானதைப் பிடிக்கிறது.

வேலை கற்க வருபவர் ஐந்தாண்டுகள் ஓர் ஆசிரியரிடம் இருந்து பழக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஊரிலுள்ள தொழிற்பயிற்சிப் பள்ளிக்குப் போய் ஓவியமும் மண்ணில் உருவம் பிடிப்பதும் படிக்க வேண்டும். வீட்டோடு தங்கிப் படிக்கும் இந்த முறை ஜப்பானின் பெரும்பாலான கைத்தொழில்களில் மறைந்துவிட்டது. இனாமியில் இன்னும் நடக்கிறது. தந்தை வழியில் தொழிலுக்கு வந்த காலம் மாறி, இப்போது தொலைவிலிருந்து விரும்பி வருகிற இளைஞர்களும் இளம்பெண்களும் இருக்கிறார்கள். 1975இல் ஜப்பான் அரசு இனாமிச் செதுக்கை மரபுக் கைவினையாக அறிவித்தது.

நிறமில்லாத மரம்தான் ஜப்பானியச் செதுக்கு என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. 1636இல் கட்டி முடித்த நிக்கோவின் யோமெய் வாயிலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், பொன்னும் பச்சையும் சிவப்புமாக, ஓர் அங்குலம்கூட மிச்சமில்லாமல் அடைந்து கிடக்கின்றன. கண் களைத்துப் போகிறது. அதே நிக்கோவில் வண்ணம் அதிகம் பூசாத குதிரை லாயத்தின் சுவரில் எட்டுப் பலகைகளில் குரங்குகள் இருக்கின்றன. குழந்தைப் பருவம் முதல் தாய்மை வரை ஒரு வாழ்க்கையைச் சொல்லும் வரிசை அது. கண், வாய், காது பொத்திய மூவரும் அதில் ஒரு பலகை மட்டுமே. காந்தியின் குரங்குகள் என்று நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தவை. இனாமிச் செதுக்கர்களும் வண்ண வேலை அறியாதவர்கள் அல்லர். 1945 குண்டுவீச்சில் எரிந்த நகோயா கோட்டை அரண்மனையைப் பழையபடி கட்டி 2018இல் திறந்தபோது, அதன் பொன்வண்ண ரன்மாக்களைப் போருக்கு முன் எடுத்த புகைப்படங்களைப் பார்த்துச் செதுக்கித் தந்தவர்கள் இவர்களே.

கடல் தாண்டிச் சீனாவில் செதுக்கு வேலைக்குப் பேர்போன ஊர்களில் செஜியாங் மாநிலத்தின் தோங்யாங் முன்னணியில் நிற்கிறது. அங்கும் வெண்மரம், அங்கும் நிறமில்லை. ஆனால் அழகின் இலக்கணம் வேறு. தோங்யாங் வேலை ஆழத்தைத் தேடுவதில்லை. சுருள் ஓவியத்தைப் போலக் கதையைப் பரப்புகிறது. மூன்று அரசுகளின் போர், நாடகக் காட்சி, அறுவடை எல்லாம் ஒரே பலகையில் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டு, யாரும் யாரையும் மறைக்காமல் நிற்கும். 1456இல் கட்டத் தொடங்கிய லூ குடும்ப மாளிகையின் பெருங்கூடம் இதற்குப் பழைய சான்று. சிங் காலத்தில் தோங்யாங் செதுக்கர்கள் பல நூறு பேர் பெய்ஜிங் அரண்மனை வேலைக்குப் போனார்கள். 1959இல் இறந்த தூ யுன்சோங்கைச் செதுக்குப் பேரரசர் என்றே மக்கள் அழைத்தார்கள்.

தோங்யாங்கில் ரன்மாவின் இடத்தில் இருப்பது மாட்டுக்கால் என்று அவர்கள் சொல்லும் முட்டு. தூணிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு இறவாரத்தைத் தாங்கும் மரம் அது. மிங் காலத்தில் வெறும் சாய்வுக் கட்டையாக இருந்தது, சிங் காலத்தில் பருத்து முக்கோணமாகி, சிங்கமும் மானும் மலையும் ஏறிக்கொண்ட முழுச் சிற்பமாயிற்று. சுமை தாங்கத் தேவையானதைவிட எத்தனையோ மடங்கு மரம். வீட்டுக்காரரின் வசதியை வாசலிலேயே சொல்லிவிடும்.

தெற்கே சாவோசோவில் செதுக்கியதன் மேல் அரக்கு பூசிப் பொன்தகடு ஒட்டுகிறார்கள். 1887இல் எழுப்பிய ஹுவாங் குல மண்டபத்தின் இருண்ட கூடத்தில் நின்றால் காரணம் புரியும்: முற்றத்து வெளிச்சம் பொன்னில் பட்டு உத்தரம் வரை ஏறுகிறது. நண்டும் இறாலும் மூங்கில் கூடைக்குள்ளும் வெளியிலும் ஊரும்படி ஒரே மரத்தில் குடைந்தெடுக்கும் நண்டுக்கூடை இவ்வூர்ச் செதுக்கர்களின் பரீட்சைப் பொருள். தோங்யாங், சாவோசோ இரண்டையும் சீன அரசு 2006இல் தேசிய மரபுச் செல்வங்களின் முதல் பட்டியலில் சேர்த்தது.

தோங்யாங் இன்று பெரிய தொழில் நகரம். செந்நிற மரச்சாமான் உற்பத்தியில் நாட்டின் முக்கிய மையங்களில் ஒன்று. முரட்டுச் செதுக்கைக் கணினி இயக்கும் இயந்திரம் செய்கிறது. ஒரே பலகை பத்துப் பிரதிகளாக ஒரே நேரத்தில் இறங்குகிறது. கைவினைஞர் உட்கார்ந்து மெருகேற்றுகிறார். 2016இல் ஹாங்சோவில் ஜி20 மாநாடு நடந்த அரங்கை அலங்கரித்தவர்களும் தோங்யாங் செதுக்கர்களே. இயந்திரம் வந்தது குற்றமில்லை. அது தொட்ட பலகைகளில் எல்லா முகமும் ஒரே முகமாக இருப்பதுதான் குறை.

சீனச் செதுக்கு மரங்களில் விலையுயர்ந்ததான சிதானின் ஊர் நமக்கு அருகில் இருக்கிறது. ஆந்திராவின் சேஷாசலக் காடுகளில் வளரும் செம்மரமே அது. மிங், சிங் அரண்மனைகளின் நாற்காலிகளும் பேழைகளும் இதில் இழைக்கப்பட்டன. அந்த மதிப்பு இன்றும் குறையாததால் கடத்தலும் குறையவில்லை. 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். பெய்ஜிங்கில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் சிதான் சிம்மாசனங்களின் குறிப்பட்டையில் மரத்தின் பெயர் இருக்கும். வெட்டியவரைப் பற்றி ஒன்றும் இருக்காது.

இனாமியின் சிக்கல் வேறுவகை. மரம் இருக்கிறது, கை இருக்கிறது, ரன்மா மாட்ட இடம்தான் இல்லை. புதிதாகக் கட்டும் ஜப்பானிய வீடுகளில் பாய் அறை ஒன்று இருந்தாலே அதிகம். இரண்டு அறைகள் அடுத்தடுத்து இல்லாத வீட்டில் இடைப்பலகை எதற்கு? பழைய வீட்டை இடிக்கும்போது கழற்றிய ரன்மாக்கள் பழம்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. செதுக்கர்கள் வேறு வேலை தேடியிருக்கிறார்கள். தொயாமா வட்டாரத்தில் முதல் ஆண்குழந்தை பிறந்தால் தாய்வீட்டார் கல்வித் தெய்வமான தென்ஜினின் உருவத்தைச் சீராகக் கொடுப்பது வழக்கம்; அந்தச் சிலைகளுக்கு இன்னும் கேட்பு உண்டு. சிங்க ஆட்டம் இல்லாத கிராமம் இந்தப் பக்கத்தில் அரிது என்பதால் தலைகளும் போகின்றன. விளக்கு, கடைப்பலகை, இசைக்கருவி என்றும் கை நீள்கிறது. தங்க வரும் பயணி ஒரு செதுக்கரிடம் உட்கார்ந்து கரண்டியோ கிண்ணமோ குடைந்து பார்க்கும் விடுதிகளும் ஊரில் வந்துவிட்டன. 1991 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிநாட்டுச் சிற்பிகளை அழைத்து முகாம் நடத்துகிறார்கள்.

நம்பகமான வருமானம் பழுதுபார்ப்பில் இருக்கிறது. நாடெங்கும் உள்ள கோயில்களிலும் சன்னதிகளிலும் நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய பலகைகள் உளுத்தும் உடைந்தும் வருகின்றன. திருவிழாத் தேர்களும் அப்படியே. பக்கத்து ஊரான ஜோஹானாவின் தேர்விழா, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 33 ஜப்பானியத் தேர்விழாக்களில் ஒன்று. அத்தகைய தேர் பழுதுக்கு வந்தால், முன்னோர் உளி எந்தக் கோணத்தில் போயிருக்கிறது என்று தழும்பைத் தடவிப் பார்த்து, அதே வகை மரத்தில் ரேகை ஒத்துப்போகும் துண்டைத் தேடி ஒட்டி, செதுக்கிச் சேர்க்கிறார்கள். புதுத்துண்டு நிறம் வெளுத்துத் தெரியும். அதைச் சாயமிட்டு மறைப்பதா, தானாகக் கருக்கட்டும் என்று விடுவதா என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து வேறுபடுகிறது.