பாழ்மனை புகுதல்

குடியிருப்போர் உள்ள வீட்டினை வாயிலில் நின்று நோக்கி மீளும் மாந்தர், குடியிருப்போர் அற்ற வீட்டினைக் கண்டால் மட்டும் உட்புக விழைவது என்னை? கூரை வீழ்ந்து, கதவு கழன்று, சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்து நிற்கும் இடத்தில் பாம்பும் தேளும் உண்டென்பது சிறுவர்க்கும் தெரியும். தெரிந்தும் செல்கின்றனர், சென்று மகிழ்ந்தும் வருகின்றனர். இவ்வின்பத்தின் காரணம் யாதென யாம் நெடுநாள் எண்ணியதுண்டு. அதற்கு விடை கிடைத்த வரலாற்றை ஈண்டு உரைப்பாம்.

எம் ஊர் அனுமந்தை. சென்ற கோடை விடுமுறையில் நண்பர் மூவருடன் ஆலம்பரைக் கோட்டையைக் காணச் சென்றோம். மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்து, உப்பங்கழியின் கரையில் கடலை நோக்கி நிற்பது அக்கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் அது கப்பல்கள் வந்து செல்லும் துறையாய் விளங்கிற்று. நாணயம் அடிக்கும் சாலையும் அங்கு இருந்தது. 1750இல் முசாபர் ஜங் அதனைப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளேக்கு அளித்தார். பத்தாண்டு கழித்து, 1760இல், ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். இன்று எஞ்சியிருப்பவை செங்கற் சுவர்களும், அவற்றின்மீது ஏறி மேயும் ஆடுகளுமே.

அவ்விடிபாட்டில் யாங்கள் அடைந்த களிப்புக்கு அளவில்லை. ஒருவன் மதிலேறிப் படைத்தலைவன் ஆனான்; ஒருவன் குழியொன்றைக் காட்டி, நாணயச் சாலை இதுவே என்று சாதித்தான்; மற்றவன் கடலை நோக்கிக் கைநீட்டி, வாராத கப்பல்களை எண்ணினான். முழுமையாய் நிற்கும் மாளிகை காட்டுவதைத்தான் கண் காணும். இடிந்த மாளிகையிலோ, இல்லாத கூரையை மனமே வேய்கின்றது. இறந்தோரை மனமே அழைத்து உலவ விடுகின்றது. உரோமபுரியின் இடிபாடுகளிடையே 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அமர்ந்திருந்தபோதுதான், அந்நகரின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் தம் உள்ளத்தில் எழுந்தது என்று கிப்பன் என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். சிறந்த அறிஞர்க்கு நூலாய் விளைந்தது, எம்போன்ற மாணவர்க்கு விளையாட்டாய் விளைந்தது போலும் என எண்ணி, அதுவே விடையென்று மனநிறைவுடன் இல்லம் திரும்பினோம்.

அன்றிரவு கோட்டையின் பெருமையை எம் பாட்டியாரிடம் விரித்துரைத்தோம். அவர் டூப்ளேயைப் பற்றி ஒன்றும் கேட்டிலர். “உள்ளே விட்டார்களா?” என்று மட்டும் கேட்டார்.

“விடுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள், ஆயா?” என்றோம்.

அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், “அந்தக் கணக்கறையும் இப்போது அப்படித்தான் கிடக்கிறதாம்” என்றார்.

எம் பாட்டியார் இருபது ஆண்டுகளுக்கு மேல் மரக்காணத்து உப்பளங்களில் உப்புச் சுமந்தவர். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பர். அதனைக் கூடையில் நிரப்பித் தலையில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டு செல்வது பெண்டிர் வேலை. முன்னாளில் அவ்வுப்புப் பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறிச் சென்னை சென்றது. அவர் குறித்த அறை, அவ்வளங்களின் ஓரத்தே கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய கட்டடம். மறுநாள் காலை அவரையும் அழைத்துக்கொண்டு அங்குச் சென்றோம்.

கதவில்லை. யாம் தடையின்றி உள்ளே புகுந்தோம். உப்புக் காற்றால் சுவர்ப்பூச்சு செதிள் செதிளாய் உதிர்ந்திருந்தது. உத்திரத்தில் தராசு தொங்கிய கொக்கி துருவேறி நின்றது. அளத்தை நோக்கிய சாளரத்தின் உட்புறம் கணக்கர் அமரும் திண்ணை. அதில் அமர்ந்தோம். ஆலம்பரையில் துள்ளிய உள்ளம் ஈண்டும் துள்ளிற்று. “உள்ளே வா, ஆயா” என்று உரக்க அழைத்தோம்.

அவர் வந்திலர். சாளரத்தின் வெளிப்புறம் சென்று, கம்பிகளுக்கு எதிரே, கூலிக்கு நிற்பவர் போலவே நின்றார். “சுமைக்காரிகள் படி ஏறக் கூடாது. இங்கேதான் நிற்போம்” என்றார். ஓராண்டு, பருவந் தப்பிய மழையில் குவித்த உப்பெல்லாம் கரைந்து போயிற்றாம். கரைந்த உப்புக்குக் கூலி இல்லை என்றனராம். எம் தாயார் அப்போது கைக்குழந்தை, கடுங்காய்ச்சல். மருந்துக்குப் பணம் வேண்டி மூன்று நாள் இச்சாளரத்தடியில் நின்றதாகவும், “கணக்கு முடியவில்லை” என்ற விடையே கிடைத்ததாகவும் கூறினார். குரலில் சினம் இல்லை.

யாம் அமர்ந்திருந்த இடம் எத்தகையதென்று அப்போதுதான் உணர்ந்தோம். அக்கணக்கர் கண்டது போலவே, கம்பிகளின் ஊடே அம்முகத்தைக் கண்டோம். எழுந்து வெளியே வந்து அவர் அருகில் நின்றோம்.

பாழ்மனை புகுவார் அடையும் இன்பத்தின் வேர் எமக்கு அன்று புலனாயிற்று. எவர் புகலாம், எவர் புகலாகாது என்று வகுத்த வாயிற்காவலன் அங்கில்லை. ஆதலின் புகுந்தவர் எல்லாரும் ஒரு கணம் மன்னராகின்றனர். ஆயின், அவ்வாயிலில் முன்பு தடுக்கப்பட்டவர்க்குக் கதவு வீழ்ந்த பின்னும் தடை வீழ்வதில்லை. அயலார் இடிபாடு நமக்கு விளையாட்டு; நம் முன்னோர் நின்ற இடிபாடு அத்தகையதன்று. விவிலியத்தில் நெகேமியா, எருசலேமின் இடிந்த மதில்களை இரவில் சுற்றிப் பார்த்ததைப் படித்துள்ளோம். அவர் அதனைத் தம் தந்தையரின் நகர் என்று பார்த்தார்; ஆதலின் பார்த்ததோடு அமையாமல் கட்டவும் முனைந்தார்.

சிறிது பொழுது கழித்து, யாம் அழையாமலே பாட்டியார் படியேறி உள்ளே சென்றார். திண்ணையைக் கையால் தடவினார், கொக்கியை அண்ணாந்து நோக்கினார், நாற்புறமும் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் வியப்பு இருந்தது.

“இவ்வளவு சின்ன அறையா!” என்றார்.

இவ்வாண்டும் நம் மாணவர் பலர் ஆலம்பரைக்கும் பிற பாழிடங்களுக்கும் செல்வர், செல்க, மகிழ்க. ஆயின் தம் ஊரில் பூட்டுடைந்து கிடக்கும் இடமொன்றும் இருக்கும். அதனுள் புகுமுன், அதன் வெளியே நின்றவர் எவரேனும் தம் இல்லத்தில் உளரோ எனக் கேட்டு, அவரையும் உடன் அழைத்துச் செல்வாராக.